டிராவல் டிரெய்லரை இழுக்க எந்தப் பிக்கப் டிரக்: கதவோர மஞ்சள் ஒட்டியிலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்காவில் டிராவல் டிரெய்லர், அதாவது வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு வீடு, ஒன்றை வாங்கி, விடுமுறைதோறும் குடும்பத்தோடு தேசியப் பூங்காக்களைச் சுற்றிவர வேண்டும் என்ற ஆசை வந்ததும், பலரும் முதலில் செய்வது ஒரு பிக்கப் டிரக்கை வாங்குவதுதான். நானும் அப்படித்தான் செய்தேன். அது தலைகீழான வரிசை என்பது இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த டிரக்கை நட்டத்துக்கு விற்றபோதுதான் புரிந்தது. எந்த டிரெய்லர், அதில் எத்தனை பேர் போகிறோம், எந்தப் பாதையில் போகிறோம் என்ற மூன்றும் முடிவான பிறகே டிரக்கைத் தேட வேண்டும்.

விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வரும் எண் இழுவைத் திறன். ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ 1500, ராம் 1500, டொயோட்டா டண்ட்ரா போன்ற, பழைய வழக்கில் அரை டன் என்று அழைக்கப்படும் வகை டிரக்குகளே இன்று 11,000, 12,000 பவுண்டு இழுக்கும் என்கிறார்கள். சிலவற்றுக்கு 13,000 பவுண்டுக்கும் மேல் சொல்கிறார்கள். அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது குறிப்பிட்ட எஞ்சின், குறிப்பிட்ட அச்சு விகிதம் (அச்சில் உள்ள பல்சக்கரங்களின் விகிதம்), எடை குறைந்த கேபின், முழு இழுவைத் தொகுப்பு ஆகிய எல்லாம் ஒன்றுசேர்ந்த ஒரு டிரக்குக்கு உரிய உச்சம். டீலரின் வளாகத்தில் நிற்கும் டிரக் பெரும்பாலும் அந்த டிரக்காக இராது. அதைவிட முக்கியமான செய்தி, டிராவல் டிரெய்லரை இழுக்கும் குடும்பத்துக்கு இழுவைத் திறன் தீர்ந்துபோவதற்கு வெகுநாள் முன்பே பேலோடு, அதாவது டிரக் தன் முதுகில் சுமக்கக்கூடிய எடை, தீர்ந்துபோய்விடும் என்பதுதான்.

முதலில் டிரெய்லரின் எடை

டிரெய்லர் விற்பவர் சொல்லும் எடை பெரும்பாலும் வெற்று எடை. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலையில், தண்ணீர் இல்லாமல், சாமான் இல்லாமல், பல நேரங்களில் பேட்டரிகூட இல்லாமல் எடுத்த எடை அது. அந்த எடையில் யாரும் பயணம் போவதில்லை. ஒரு கேலன் தண்ணீர் ஏறக்குறைய 8.3 பவுண்டு, 40 கேலன் தொட்டியை நிரப்பினாலே 330 பவுண்டு ஏறிவிடும். இரண்டு புரொப்பேன் சிலிண்டர்கள், பேட்டரி, குழாய்கள், மடக்கு நாற்காலிகள், படுக்கை விரிப்புகள், பாத்திரங்கள், கருவிப்பெட்டி என்று சேர்த்துக்கொண்டே போனால் ஆயிரம் பவுண்டு சத்தமில்லாமல் வந்து சேரும். நம் வீட்டுச் சமையல் கணக்கு தனி: குக்கர், தோசைக்கல், இருபது பவுண்டு அரிசி மூட்டை, இரண்டு வாளி மாவு ஆகியவை இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு வாரப் பயணம் புறப்பட்டதே இல்லை.

ஆகவே விளம்பரத்தாளில் உள்ள வெற்று எடையை ஒதுக்கிவிட்டு, டிரெய்லரின் வெளிச்சுவரில், ஓட்டுநர் பக்கமாக முன்புறத்தில் ஒட்டியிருக்கும் சான்று ஒட்டியைப் பாருங்கள். அதில் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்று குறிப்பிடப்பட்டிருப்பது, அந்த டிரெய்லர் எல்லாச் சாமானும் ஏற்றிய நிலையில் எட்டக்கூடிய அதிகபட்ச எடை. கணக்கை அந்த எண்ணிலிருந்தே தொடங்க வேண்டும். வெற்று எடை 5,600 பவுண்டு, அதிகபட்ச எடை 7,000 பவுண்டு என்றால், உங்கள் டிரெய்லர் 7,000 பவுண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எடையில் ஒரு பங்கு டிரெய்லரின் சக்கரங்கள் மீது இறங்காமல், இணைப்பு முனை வழியாக டிரக்கின் பின்பக்கத்தை அழுத்தும். இதை டங் வெயிட் என்பார்கள். டிராவல் டிரெய்லருக்கு இது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும். இதைக் குறைத்தால் டிரக்குக்கு நல்லது என்று தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. பத்து சதவீதத்துக்குக் கீழே போனால், அதாவது பாரம் டிரெய்லரின் பின்பக்கம் கூடிவிட்டால், பக்கக் காற்றிலோ பெரிய லாரி கடந்து போகும்போதோ டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் வளர்ந்தால் டிரக்கையே சாலையிலிருந்து தள்ளிவிடும். எனவே டங் வெயிட் என்பது குறைத்துத் தப்பிக்கக்கூடிய எடை அன்று, டிரக் கட்டாயம் சுமந்தே ஆக வேண்டிய எடை. கணக்குக்கு 13 சதவீதம் என்று வைத்துக்கொள்வது என் வழக்கம்.

மஞ்சள் ஒட்டி

டீலரிடம் போனதும் எஞ்சினைப் பற்றிக் கேட்பதற்கு முன், ஓட்டுநர் கதவைத் திறந்து அதன் சட்டத்தைப் பாருங்கள். மஞ்சளும் வெள்ளையுமாக ஓர் ஒட்டி இருக்கும். டயர் காற்றழுத்தம் எழுதியுள்ள அதே ஒட்டியில், பயணிகளும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை இத்தனை கிலோவை அல்லது இத்தனை பவுண்டை ஒருபோதும் மீறக் கூடாது என்ற வரி இருக்கும். அதுதான் அந்த ஒரு டிரக்கின் பேலோடு. இணையத்தில் உள்ள பொது எண், விற்பனையாளர் வாய்மொழியாகச் சொல்லும் எண் எதுவும் இதற்கு ஈடாகாது.

ஏன் அந்த ஒரு டிரக் என்று அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரே மாதிரி, ஒரே எஞ்சின், ஒரே நிறம் கொண்ட இரண்டு டிரக்குகளுக்கு இடையே பேலோடு பல நூறு பவுண்டு வேறுபடலாம். நான்கு சக்கர இயக்கம், கூரை முழுவதும் கண்ணாடி, மின்சாரத்தில் இறங்கும் படிகள், சூடாகும் தோல் இருக்கைகள் ஆகிய ஒவ்வொன்றும் ஓர் எடை. அந்த எடை உங்கள் பேலோடிலிருந்தே கழிகிறது. விலை உயர உயரச் சுமக்கும் திறன் குறைந்துபோவது பிக்கப் டிரக் சந்தையின் விசித்திரங்களில் ஒன்று. எளிய துணி இருக்கை கொண்ட வேலைக்கார டிரக் 1,900 பவுண்டு சுமக்கும் இடத்தில், அதே எஞ்சினோடு வரும் ஆடம்பர வகை 1,400 பவுண்டோடு நின்றுவிடக்கூடும். டிரக் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த பிறகு டீலரோ நீங்களோ பொருத்தும் படுக்கை (டிரக்கின் பின்புறச் சரக்குத் தளம்) மூடி, கூடுதல் படிகள் போன்றவற்றையும் அந்த எண்ணிலிருந்து நீங்களே கழித்துக்கொள்ள வேண்டும்.

இனி ஒரு கணக்குப் போடுவோம். மேலே சொன்ன 7,000 பவுண்டு டிரெய்லருக்கு 13 சதவீதம் என்றால் டங் வெயிட் 910 பவுண்டு. டிரெய்லரை டிரக்கோடு இணைத்து எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் என்ற கருவி தானே 90 பவுண்டு அளவுக்குக் கனக்கும். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் சேர்ந்து 440 பவுண்டு. டிரக் படுக்கையில் ஐஸ் பெட்டி, விறகு, சிறிய ஜெனரேட்டர், குழந்தைகளின் சைக்கிள்கள் என்று 200 பவுண்டு. கூட்டினால் 1,640 பவுண்டு. ஒட்டியில் 1,450 என்று எழுதியுள்ள டிரக், அதன் இழுவைத் திறன் 11,000 பவுண்டாக இருந்தாலும், இந்த 7,000 பவுண்டு டிரெய்லருக்குப் பொருந்தாது. ஊரிலிருந்து அப்பா அம்மா கோடை விடுமுறைக்கு வந்து, அவர்களையும் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டால் இன்னும் 280 பவுண்டு சேரும். அப்போது 1,900 என்று எழுதியுள்ள ஒட்டியும் போதாது.

எடைமேடையில் கண்ட உண்மை

என் முதல் டிரக்கின் ஒட்டியில் 1,447 என்று இருந்தது. ஓர் அரை டன் டிரக் அது. டிரெய்லர் விற்றவர் அதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டே, இதற்கு இந்த டிரெய்லர் ஒரு பொருட்டே இல்லை என்றார். இழுப்பதில் குறையில்லைதான். டல்லாஸிலிருந்து கொலராடோவுக்கு 287 ஆம் எண் நெடுஞ்சாலையில், அமரில்லோவைத் தாண்டிய பொட்டல்வெளியில், பக்கக் காற்று வீசியபோதுதான் ஸ்டியரிங் கைக்கு அடங்காமல் மிதப்பதுபோல் இருந்தது. வழியில் ஒரு லாரி நிறுத்தத்தில் இருந்த கேட் ஸ்கேல் எடைமேடைக்கு வண்டியைத் திருப்பினேன்.

நெடுஞ்சாலைகளில் பயணிப்போர் எவரும் இந்த எடைமேடையைப் பயன்படுத்தலாம். தரையோடு தரையாக அடுத்தடுத்து மூன்று தகடுகள் இருக்கும். டிரக்கின் முன் அச்சு முதல் தகட்டிலும், பின் அச்சு இரண்டாவதிலும், டிரெய்லரின் சக்கரங்கள் மூன்றாவதிலும் நிற்குமாறு வண்டியை மெல்ல நகர்த்தி நிறுத்த வேண்டும். பக்கத்தில் உயரக் கம்பத்தில் பேச்சுக்கருவியின் பொத்தான் இருக்கும். அது லாரி ஓட்டுநரின் கைக்கு எட்டும் உயரத்தில் இருப்பதால், நம்மைப் போன்றவர்கள் இறங்கிப்போய் அண்ணாந்து அழுத்த வேண்டியிருக்கும். முதல் எடையா, மறு எடையா என்று உள்ளிருந்து கேட்பார்கள். அதற்கு ஒரு கட்டணம் உண்டு. 24 மணி நேரத்துக்குள் மறுபடி எடை போட்டால் கட்டணம் இன்னும் குறைவு.

சீட்டில் முன் அச்சு 3,060, பின் அச்சு 4,100, டிரெய்லர் அச்சுகள் 5,980 என்று வந்தது. டிரக்கின் இரண்டு அச்சுகளும் சேர்ந்து 7,160 பவுண்டு. கதவோரத்தில் எழுதியிருந்த டிரக்கின் மொத்த எடை வரம்போ 7,050. டிரெய்லர் அதன் வரம்புக்குள்தான் இருந்தது, டிரக்கின் இழுவைத் திறனில் நாலாயிரம் பவுண்டுக்கும் மேல் மிச்சமிருந்தது. இருந்தும் டிரக் தன் சொந்த வரம்பை மீறி நின்றது.

பழைய டிரக் வாங்குவோருக்கு இதே எடைமேடை வேறொரு விதத்தில் உதவும். ஒட்டி கிழிந்துபோயிருந்தாலோ, முந்தைய உரிமையாளர் கூடுதல் சாமான்களைப் பொருத்தியிருந்தாலோ, பெட்ரோலை முழுவதும் நிரப்பிக்கொண்டு வெற்று டிரக்கை எடை போடுங்கள். கதவோரச் சான்றில் உள்ள மொத்த எடை வரம்பிலிருந்து அந்த எடையைக் கழித்தால், மேடையில் வண்டிக்குள் இருந்தவரைத் தவிர, இனி ஏற்றக்கூடிய எடை எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அந்த ஹிட்ச் செய்வது, பின் அச்சில் குவியும் பாரத்தில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் டிரெய்லரின் அச்சுகளுக்கும் மாற்றுவது. டிரக்கின் மூக்கு தூக்கிக்கொள்ளாமல், ஸ்டியரிங்கும் பிரேக்கும் பிடிமானத்தோடு இருக்க அது மிகவும் அவசியம். ஆனால் அது பேலோடைக் கூட்டுவதில்லை. ஹிட்ச் செருகப்படும் சதுரக் குழாயின் மேல் ஒட்டியுள்ள குறிப்பில், எடை பகிரும் ஹிட்ச் இல்லாமல் ஒரு வரம்பும், இருந்தால் மற்றொரு வரம்பும் என்று இரண்டு எண்கள் இருக்கும்; அரை டன் டிரக்குகளில் முதல் எண் பல நேரங்களில் 500 பவுண்டு டங் வெயிட்டோடு நின்றுவிடும். அதையும் குனிந்து பார்த்துவிடுங்கள்.

அரை டன்னா, முக்கால் டன்னா

அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்பவை பழைய வழக்கில் நிலைத்துவிட்ட பெயர்கள். இன்றைய சுமைத்திறனோடு அவற்றுக்குத் தொடர்பில்லை. முழுச் சாமானோடு 6,000 பவுண்டுக்குள் நிற்கும் டிரெய்லருக்கு, கவனமாகத் தேர்ந்தெடுத்த அரை டன் டிரக் தாராளமாகப் போதும். 7,000 பவுண்டு என்றால் ஒட்டியில் 1,800க்குக் குறையாத அரை டன் டிரக்கைத் தேடுங்கள்; கிடைக்கும், ஆனால் தேட வேண்டும். 8,000 பவுண்டைத் தாண்டினால் எஃப்-250, சில்வராடோ 2500, ராம் 2500 போன்ற முக்கால் டன் வகைக்குப் போவதே நல்லது என்பது என் கருத்து.

அங்கும் ஒரு குழி இருக்கிறது. முக்கால் டன் டிரக்குகள் பலவற்றின் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு அல்லது அதை ஒட்டியே வைக்கப்படுகிறது. டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடப் பல நூறு பவுண்டு கனமானது. அதோடு நான்கு கதவும் நான்கு சக்கர இயக்கமும் சேர்ந்தால் வெற்று டிரக்கே 8,000 பவுண்டை நெருங்கிவிடும். மிஞ்சுவது 2,000 பவுண்டு மட்டும். மலைபோல் நிற்கும் டீசல் டிரக்கின் பேலோடு, நன்றாக அமைந்த ஓர் அரை டன் டிரக்கின் பேலோடை விட அதிகமில்லை என்பதைப் பலர் வாங்கிய பிறகே அறிகிறார்கள். ஆண்டுக்கு நான்கைந்து பயணம் மட்டும் போகும் குடும்பத்துக்கு, பெட்ரோல் எஞ்சின் பொருத்திய முக்கால் டன் டிரக்கே விலையிலும் சுமையிலும் பொருத்தமானது. டிரெய்லர் இல்லாத நாள்களில் அது காலியாக ஓடும்போது முதுகெலும்பு குலுங்கும், கடை நிறுத்தங்களில் மூக்கு வெளியே நீண்டிருக்கும். வாங்குவதற்கு முன் வீட்டுக் கராஜின் நீளத்தை நாடாவால் அளந்துகொள்வதும் நல்லது.

எஞ்சினும் மலையும்

2011 மாதிரிகளுக்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி இழுவைத் திறனைச் சொல்லிக்கொண்டிருந்தது. பொறியாளர்கள் வகுத்த ஜே2807 என்ற பொதுச் சோதனை முறையை முதலில் ஏற்றது டொயோட்டா. மற்ற நிறுவனங்கள் சில ஆண்டுகள் கழித்தே வந்து சேர்ந்தன. அந்தச் சோதனையின் ஒரு பகுதி, அரிசோனாவில் புல்ஹெட் சிட்டிக்கு அருகே டேவிஸ் அணையிலிருந்து ஏறும் 68 ஆம் எண் நெடுஞ்சாலையின் ஏற்றம். கடும் வெயிலில் குளிரூட்டியை முழுவதும் ஓடவிட்டபடி, வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே போகாமல் ஏறிக் காட்ட வேண்டும். ஆனால் அந்தச் சோதனையில் டிரக்கினுள் கணக்கில் கொள்ளப்படுவது தலா 150 பவுண்டு எடையுள்ள இருவர் மட்டுமே. பின் இருக்கையில் குழந்தைகளும் படுக்கையில் சைக்கிள்களும் ஏறும்போது, விளம்பர எண்ணிலிருந்து அந்த எடையை நாம்தான் கழித்துக்கொள்ள வேண்டும்.

போகும் பாதை மேற்கத்திய மலைகள் என்றால் காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ எஞ்சினைத் தேர்ந்தெடுங்கள். டர்போ இல்லாத எஞ்சின், காற்று மெலிந்துபோவதால், ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் ஆற்றலை இழக்கும். கொலராடோவில் 70 ஆம் எண் நெடுஞ்சாலையின் ஐசனோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்போது அந்த எஞ்சினில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் காணாமல் போயிருக்கும். டர்போ எஞ்சினில் இந்த இழப்பு மிகக் குறைவு. ஏறுவதைவிட இறங்குவதே பெரிய சோதனை என்பதால், இழுவை நிலையில் கியரைத் தானே குறைத்து வேகத்தைப் பிடிக்கும் வசதி எப்படி வேலை செய்கிறது என்பதை ஓட்டிப் பார்த்து அறிந்துகொள்ளுங்கள். புகைவழியை நெருக்கி வேகத்தைக் குறைக்கும் டீசல் டிரக்கின் எக்ஸாஸ்ட் பிரேக் இந்த ஒரு விஷயத்தில் ஈடு இணையற்றது. டெக்ஸஸ், புளோரிடா போன்ற சமவெளிகளிலேயே சுற்றுபவர்களுக்கு இதைப் பற்றிய கவலை வேண்டியதில்லை.

மின்சார டிரக்குகளும் இழுக்கும், அதுவும் ஏற்றத்தில் அலட்டிக்கொள்ளாமல் இழுக்கும். ஆனால் டிராவல் டிரெய்லரின் அகன்ற முகப்பு காற்றைக் கிழிக்க வேண்டியிருப்பதால், ஒரு முறை மின்னேற்றினால் ஓடும் தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மின்னேற்று நிலையங்கள் பலவற்றில் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டே உள்ளே போக முடியும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அச்சு விகிதம் 3.31, 3.55, 3.73 என்று வரும். எண் கூடினால் இழுக்கும் வலு கூடும், காலியாக ஓடும்போது எரிபொருள் செலவும் சற்றுக் கூடும். இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் பெரிய எண்ணை எடுங்கள். டிரக்கின் சக்கரங்களுக்கு இடையிலான நீளமும் கூடுதலாக இருப்பது நல்லது. எஃப்-150இன் நான்கு கதவு வகையில் ஐந்தரை அடிப் படுக்கை உள்ளதற்கு அந்த நீளம் 145 அங்குலம், ஆறரை அடிப் படுக்கை உள்ளதற்கு 157 அங்குலம். அந்தப் பன்னிரண்டு அங்குலம் பக்கக் காற்றில் எவ்வளவு நிம்மதி தருகிறது என்பதை என் இரண்டாவது டிரக்கில், அதே 287 ஆம் எண் சாலையில் உணர்ந்தேன்.

தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட இழுவைத் தொகுப்பு உள்ள டிரக்கையே வாங்குங்கள். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஹிட்ச் குழாயையும் ஏழு முள் மின் இணைப்பையும் சேர்க்கலாமே தவிர, பெரிய ரேடியேட்டரையும் கியர் எண்ணெய்க் குளிர்விப்பானையும் எளிதில் சேர்க்க முடியாது. டிரெய்லர் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் கருவி டாஷ்போர்டில் இருக்கிறதா, பக்கக் கண்ணாடிகள் டிரெய்லரைத் தாண்டிப் பார்க்கும் அளவுக்கு வெளியே நீள்கின்றனவா என்று பாருங்கள். டயர்கள் கார் வகையா, எல்.டி. என்று தொடங்கும் லாரி வகையா என்பதையும் கவனியுங்கள். கார் வகை டயரின் பக்கச்சுவர் பாரத்தில் நெளிவதால் ஆட்டம் கூடும். மாநிலச் சட்டங்கள் வேறுபடும். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வாகனத்துக்கு வேக வரம்பு மணிக்கு 55 மைல். 10,000 பவுண்டைத் தாண்டும் டிராவல் டிரெய்லருக்குச் சாதாரண ஓட்டுநர் உரிமம் அங்கே போதாது.

எல்லாம் முடிவாகிக் கையெழுத்திடும் நேரத்தில் இன்னொன்றைக் கவனியுங்கள். நீங்கள் ஓட்டிப் பார்த்த டிரக்குக்குப் பதிலாக, அதே நிறத்தில், அதே விலையில் வேறொரு டிரக்கை வேறு டீலரிடமிருந்து வரவழைத்துத் தருவதாகச் சொல்வது இங்கே வழக்கம். அப்படி வரும் டிரக்கின் ஒட்டியைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லி, வாகன அடையாள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். எனக்கு அப்படி வந்த டிரக்கில் கூரைக் கண்ணாடியும் மின்சாரப் படிகளும் கூடுதலாக இருந்தன. ஒட்டியில் 212 பவுண்டு குறைவாக இருந்தது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, இன்னும் மூன்று வாரம் காத்திருந்தேன்.